பாதி ரயில்

ரயில் கிளம்பியது. நான் உட்கார்ந்திருந்த பாதி மட்டும் கிளம்பியது.

கண்ணாடியில் கன்னத்தை ஒட்டவைத்துப் பின்னால் பார்க்கிறேன். பிளாட்பாரத்தில் என் நண்பன் செய்யது ஓடி வருகிறான். முழங்கால் ஆபரேஷன் ஆனவன். ஒரு கையில் பாதி தின்ற சமோசா. இன்னொரு கையைத் தலைக்குமேல் ஆட்டுகிறான். அவனுக்குப் பின்னால் நாங்கள் வந்த ரயிலின் மிச்சப் பாதி, எதுவுமே நடக்காததுபோல் நின்றுகொண்டிருக்கிறது.

அவன் வாய் அசைவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. ஆனாலும் சொல் என்னவென்று எனக்குத் தெரியும். தாராவியில் பத்து வயதிலேயே கற்றுக்கொண்ட சொல். வாரப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

இடம், ஜெர்மனியில் ட்ரியர் என்ற ஊர். எனக்கு அந்த நாட்டு மொழியில் தெரிந்தது ஒரே வார்த்தை, 'டாங்க்கெ'. நன்றி என்று அர்த்தம். டிக்கெட் செய்யதுவின் சட்டைப்பையில். இரண்டு பேருக்கும் சேர்த்து எடுத்தது.

மும்பை லோக்கலில் நான் பார்க்காத கூத்து கிடையாது. மழையில் மூழ்கிய ரயில், குர்லாவில் மாடு குறுக்கே படுத்த ரயில், கல்யாணுக்கு என்று போர்டு போட்டுவிட்டுத் தானேயோடு நின்றுகொண்ட ரயில் என்று எல்லாம் பார்த்திருக்கிறேன். ஒரே ரயில் இரண்டாகப் பிரிந்து, ஆளுக்கொரு திசையில் போவதை மட்டும் பார்த்ததில்லை. அதுவும் பயணிகள் யாருக்கும் நெஞ்சு வலிக்காமல்.

எனக்கு வலித்தது. வாயுவாகவும் இருக்கலாம்.

சும்மா என்ற சொல்

செய்யது அந்த நாட்டுக்குப் போய் வெகு காலம் ஆகிறது. தாராவியில் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் கற்று, வளைகுடாவுக்குப் போய், அங்கிருந்து ஜெர்மனியில் ஒரு குளிர்பதனக் கிடங்குக்கு மெக்கானிக்காகப் போனான். கோப்ளென்ஸ் என்ற ஊரில் வீடு. வாரம் ஒரு முறை ஃபோன் செய்வான். அவனுக்கு சர்க்கரை எவ்வளவு, எனக்கு எவ்வளவு, யாருடையது அதிகமோ அவன் தோற்றவன். அவ்வளவுதான் பேச்சு.

போன வருஷம் ஒரு நாள் சர்க்கரையை விட்டுவிட்டு வேறு பேசினான்.

"சொடல, ஒருதடவ இங்க வாயேம்ல."

"என்னல விசயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா. அக்கம்பக்கத்து ஊரெல்லாம் சுத்திட்டுப் போலாம்லா."

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆள் 'சும்மா' என்று சொன்னால் அது சும்மா இல்லை. சும்மா வந்தேன் என்று சொல்லிக்கொண்டு வருகிறவன் ஒன்று பெண் கேட்க வந்திருப்பான், அல்லது சாவு சொல்ல. அடுத்த வாரமும் சும்மா வா என்றான். அதற்கு அடுத்த வாரமும்.

என் மனைவி கோமதிக்குப் பயம் வந்துவிட்டது. "அண்ணனுக்கு ஒடம்புக்கு என்னமோ. போய்ப் பாத்துட்டு வாங்க. ஆனா அங்க போயி ஒங்க மூஞ்சியக் காட்டி அவுகள இன்னும் பயப்படுத்தாதிய."

எனக்கு உடம்பைப் பற்றிப் பயம் இல்லை. உடம்பு என்றால் அவன் நேராகச் சொல்லியிருப்பான், பெருமையாகக்கூட. என் பயம் வேறு. அது ஒரு வீட்டைப் பற்றியது.

ஒரே சுவர்

தாராவியில் எங்கள் வீட்டுக்கும் செய்யது வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். அவன் வாப்பா இருமினால் என் அப்பா தண்ணீர் குடிப்பார். ராத்திரி நான் சுவரைத் தட்டினால் அவன் திருப்பித் தட்டுவான். அதற்கு அர்த்தமெல்லாம் கிடையாது. தட்டினால் தட்டவேண்டும்.

பிறகு நான் ஸ்கூல் பை தைக்கும் பட்டறை வைத்துக் கொஞ்சம் தலை நிமிர்ந்தபோது செம்பூரில் ஒரு கட்டடத்தில் வீடு பார்த்தேன். 603. பக்கத்து 604-ம் காலியாக இருந்தது. ஃபோனில் சொன்னேன். விலைகூடக் கேட்காமல் செய்யது, "சுவர் மெல்லிசா இருக்கா?" என்று கேட்டான். இருந்தது. ரிட்டயர் ஆனதும் வந்துவிடுவதாக ஒப்பந்தம். கையெழுத்தெல்லாம் இல்லை. நாக்கில்தான்.

ஆனால் கட்டடத்து வீட்டுக்காரர்கள் கூடும் சொசைட்டி மீட்டிங்கில் செய்யதுவின் பெயரைப் பார்த்ததும் சிலருக்கு இருமல் வந்தது. இந்தக் கட்டடத்தில் இதுவரை 'அப்படி' யாருக்கும் கொடுத்ததில்லையே என்றார் ஒரு பெரியவர். நான் எழுந்து நின்றேன். கூட்டமே சிரிக்கத் தயாராக இருந்தது. ஏனென்றால் நான் எழுந்தால் ஜோக் வரும். அன்றைக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை. 604 அவனுக்கு இல்லை என்றால் 603-ம் எனக்கு வேண்டாம் என்றேன். குரல் பெண் பார்க்கப் போன மாப்பிள்ளை மாதிரி நடுங்கியது. ஆனால் உட்காரவில்லை. கடைசியில் கொடுத்தார்கள்.

அன்று முதல் 604-ன் சாவி என்னிடம். ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் ஜன்னல்களைத் திறப்பேன். புறாக்களைத் துரத்துவேன். மின்விசிறியைச் சுற்றவிடுவேன். எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, துருப்பிடித்த தண்ணீர் தேநீர் நிறத்திலிருந்து வெளுத்துத் தெளியும்வரை நிற்பேன். ஆளில்லாத வீட்டுக் குழாய் காய்ந்துவிடக் கூடாது.

"நம்ம வீட்டு டேப்பு ஒழுவுது, கேக்க ஆளில்ல. அண்ணன் வீட்டுக்கு மட்டும் வாரா வாரம் அபிசேகம்" என்பாள் கோமதி.

இந்த நிலையில்தான் செய்யது சும்மா வா என்கிறான்.

ரகசியப் பை

இந்தத் தொடரைப் படிக்கும் மாட்டுங்கா வாசகி ஒருவர், "நீங்கள் ஏன் எல்லாவற்றுக்கும் பயப்படுகிறீர்கள்?" என்று கேட்டிருந்தார். அம்மா, நான் எல்லாவற்றுக்கும் பயப்படுவதில்லை. விமானம், லிஃப்ட், பல் டாக்டர், யூனிஃபார்ம் போட்ட யாராவது, அவ்வளவுதான். ஏர்போர்ட்டுக்குப் போன அன்று நான்கில் மூன்று ஒரே இடத்தில் இருந்தன.

பாஸ்போர்ட் தொலைந்துவிடும் என்ற பயத்தில் பேன்டின் உள்பக்கம் நானே ஒரு ரகசியப் பை தைத்துக்கொண்டேன். முப்பது வருஷத் தொழில் அனுபவம் முழுவதையும் அதில் இறக்கினேன். இரட்டைத் தையல், மேலே மூடி, மூடிக்கு ஜிப். திருடன் கைவைக்க முடியாது. ஏர்போர்ட் கவுன்டரில் நின்றபோதுதான், என்னாலும் கைவைக்க முடியாது என்று தெரிந்தது.

சட்டையைத் தூக்கி, பெல்ட்டைத் தளர்த்தி, ஒரு கையை உள்ளே விட்டுக்கொண்டு நின்ற என்னை அதிகாரி பார்த்தார். எனக்குப் பின்னால் வரிசை கொஞ்சம் விலகி நின்றது.

"க்யா கர் ரஹே ஹோ, அங்கிள்?" என்ன செய்கிறீர்கள் என்கிறார்.

"பாஸ்போர்ட், சார்."

"கிஸ்கா?" யாருடையது என்று கேட்கிறார். நியாயமான சந்தேகம்.

ஒண்ணு சொல்லணும்

கோப்ளென்ஸில் செய்யது ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். கட்டிப் பிடித்தோம். தலையில் முடி இருவருக்கும் சேர்த்து ஒரு ஆளுக்குத் தேறும். அவன் மனைவி பாத்திமா மீன் ஆணம், நம் மீன் குழம்புதான், வைத்திருந்தாள். "அண்ணே, ஒங்களப் பாக்கத்தான் இவுக நாலு நாளா தூங்கல" என்றாள். அதைக் கேட்டு நானும் தூங்கவில்லை.

மறுநாள் கொலோன் போனோம். அங்கே வானத்தைக் குத்தும் ஒரு தேவாலயம். கோபுரத்தில் ஏறும் சுழல்படிகள் முடியவே முடியாது. பாதியில் ஒரு மாடத்தில் மூச்சு வாங்க நின்றோம். குளிர்ந்த கல் வாசனை. செய்யது சுவரைப் பார்த்துக்கொண்டே, "சொடல, ஒங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"எனக்கு மயக்கமா வருதுல" என்றேன். அவன் பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தான். விஷயம் தள்ளிப்போனது.

அதற்கடுத்த நாள் பான் என்ற ஊர். சதுக்கத்தில் காப்பி குடிக்கும்போது ஆரம்பித்தான். நான் சர்க்கரை அளவைப் பற்றிப் பேச ஆரம்பித்து அரை மணி நேரம் நிறுத்தவில்லை. பிறகு அவன் ஊரிலேயே, இரண்டு ஆறுகள் வந்து கலக்கிற முனையில் காற்று காதை அறைந்துகொண்டிருக்கும்போது மறுபடி ஆரம்பித்தான். "அந்த வாத்தப் பாரேன்" என்றேன். அவன் பார்த்தான். "வாத்துக்கு என்னல?" "ஒண்ணுமில்ல. சும்மா."

அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவனும் திருநெல்வேலிக்காரன்தானே.

அன்று சாயங்காலம் சொன்னான். "நாளைக்கு சார்ப்ரூக்கன் போறோம். எம் மக சபிரா இருக்கா அங்க. பேத்தியப் பாக்கலாம். இன்னொரு எடமும் காட்டணும் ஒனக்கு."

இன்னொரு இடம். அந்த இரண்டு சொல்லும் இரவெல்லாம் என் நெஞ்சில் எலிபோல ஓடின.

கர்ச்சீப்பும் பெட்டியும்

இங்கே கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

நாங்கள் இருவரும் இளவயதில் வி.டி. ஸ்டேஷன் பக்கம் வேலைக்குப் போனோம். சாயங்காலம் திரும்பும் வண்டி காலியாக பிளாட்பாரத்துக்குள் வரும்போதே செய்யது ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை வீசுவான். ஒன்று அவனுக்கு, ஒன்று எனக்கு. நான் குண்டு, மெதுவாகத்தான் வருவேன். கர்ச்சீப் விழுந்த இடம் சட்டம். மும்பையில் வேறு எந்தச் சட்டத்தை மீறினாலும் அதை மீற மாட்டார்கள். யாராவது உட்காரப் பார்த்தால் செய்யது நிமிராமலே சொல்வான், "ஆத்மி ஆ ரஹா ஹை." ஆள் வருது. அந்த ஆள் நான். எத்தனையோ வருஷம் அப்படி வந்துகொண்டிருந்தேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. எந்தப் பெட்டியில் ஏறினால் எந்த ஸ்டேஷனில் படிக்கட்டுக்கு நேராக இறங்கலாம் என்பது ஒவ்வொரு மும்பைக்காரனுக்கும் மனப்பாடம். தப்பான பெட்டியில் ஏறிவிட்டால், நடுவழி ஸ்டேஷனில் இறங்கி ஓடி, முன் பெட்டியில் ஏறிக்கொள்வோம். தாதரில் ஒரே வண்டியில் ஒரே சமயத்தில் நூறு பேர் இப்படி மாறிக்கொண்டிருப்பார்கள். யாரும் தொலைந்துபோனதில்லை. வண்டி ஒன்றுதானே.

ட்ரியர்

சார்ப்ரூக்கன் போகும் வண்டியில் ஏறியதும் செய்யது சொன்னான். "இந்த எடத்த விட்டு எந்திரிக்காத, என்ன? நடுவுல வண்டி..." அதற்குள் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார். வாக்கியம் முடியவில்லை. நானும் கேட்கவில்லை. வெளியே மலைச்சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம் வரிசை வரிசையாக ஓடிக்கொண்டிருந்தது.

ட்ரியரில் வண்டி நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் நீளமாக ஏதோ சொன்னாள். பாத்திமா கொடுத்துவிட்ட சமோசாப் பொட்டலத்தைச் செய்யது பிரித்தான். ஒரு கடி கடித்தான். மென்று விழுங்கினான். என் முழங்காலில் கை வைத்தான்.

"சொடல. இன்னிக்கு சொல்லிருதேன்."

வாத்து இல்லை. மயக்கம் ஏற்கெனவே செலவாகிவிட்டது. நான் எழுந்தேன். "எறங்குற எடத்துல படிக்கட்டு முன்னாடி இருக்கும்ல. நான் போயி முன் பெட்டில எடம் போடுதேன். நீ மெதுவா வா" என்று சொல்லிவிட்டு இறங்கி, பிளாட்பாரத்தில் விறுவிறுவென்று நடந்து, முன்னால் போய் ஏறிக்கொண்டேன். ஜன்னலோரம் கிடைத்தது. பக்கத்து இருக்கையில் கோடு போட்ட என் கர்ச்சீப்பை விரித்தேன்.

அப்போதுதான் கிளம்பியது. பாதி.

முன் பெட்டி

ஃபோன் அடித்தது.

"எங்கல இருக்க?"

"முன் பெட்டில."

"எனக்கு முன் பெட்டியே இல்லல." மூச்சு இரைத்தது. "அந்தப் பாதி வேற நாட்டுக்குப் போவுது, கூறுகெட்ட பயல. எந்திரிக்காதன்னு சொன்னம்லா."

"எந்த நாடு?"

"லக்ஸம்பர்க்."

பெயரே போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருந்தது.

"பாஸ்போர்ட் வச்சிருக்கியா?"

"வச்சிருக்கேன். எடுக்கத்தான் முடியாது."

"ஒண்ணும் ஆவாது. எல்லை தாண்டுனதும் வர்ற மொத ஸ்டேஷன்ல எறங்கி அசையாம நில்லு. அடுத்த வண்டில நான் வாரேன். நீயா திரும்பி வந்தா பெர்லினுக்குப் போயிருவ."

சரி என்றேன். ஃபோனை வைக்கப்போனேன்.

"வைக்காத." குரல் மாறியிருந்தது. "இப்ப நீ எறங்கி ஓட முடியாதுலா?"

வெளியே ஆறு ஒன்று கூடவே வந்துகொண்டிருந்தது. கதவு மூடியிருந்தது. எங்கள் லோக்கல் மாதிரி திறந்த கதவில்லை.

"முடியாது" என்றேன்.

"அப்பக் கேளு. சார்ப்ரூக்கன்ல வீடு வாங்கிட்டேன். சபிரா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு. பேத்திய விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா பாத்திமா. அவ பேரச் சொல்லுதேன், எனக்கும் முடியாதுல. 604-ஐ வித்துரலாம்னு இருக்கேன்." நிறுத்தினான். "நீ மீட்டிங்ல ஒத்தையா நின்னத நான் மறக்கல. அதான் ஃபோன்ல சொல்லக் கூடாதுன்னு ஒன்னய இங்க வரச் சொன்னேன். மூஞ்சியப் பாத்துச் சொல்லணும்னு. கடைசில பாரு, ஃபோன்லதான் சொல்லுதேன்."

ஐம்பது வயதைத் தாண்டியவன் நான். எதற்கும் ஒரு ஜோக் வைத்திருப்பேன். தேடினேன். ரகசியப் பையில் பாஸ்போர்ட்டைத் தேடியதுபோல் தேடினேன். கையில் வந்தது இதுதான்:

"பாத்ரூம் டேப்ப போன வாரம்தான் மாத்துனேன்ல."

அந்தப் பக்கம் ஒலிபெருக்கி ஏதோ வண்டியை அறிவித்து முடித்தது.

"புது டேப்பா?"

"பித்தளை."

"நல்லா வருதா?"

"நல்லா வருது."

அதற்குப் பிறகும் இருவரும் ஃபோனை வைக்கவில்லை. ரயில் சத்தம் எனக்கு, ஸ்டேஷன் சத்தம் அவனுக்கு.

வண்டி ஒரு பாலத்தைத் தாண்டியபோது யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் என் முன்னால் வந்து நின்றாள். எல்லை தாண்டிய குற்றம், டிக்கெட் இல்லாத குற்றம், இரண்டையும் ஒப்புக்கொள்ள இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். கன்னத்தைத் துடைக்க மறந்திருந்தேன் போலிருக்கிறது. இந்த நாட்டுக்குள் ரயிலுக்கு டிக்கெட்டே கிடையாது, எல்லாருக்கும் இலவசம் என்று ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. அத்தனை தையலும் வீண்.

'டாங்க்கெ' என்றேன். பக்கத்து இருக்கையில் விரித்த கர்ச்சீப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

துரு

அடுத்த வண்டியில் செய்யது வந்தான். நான் எல்லை ஸ்டேஷன் பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து பொட்டலத்தை நீட்டினான். ஆறிப்போன சமோசா. தின்றோம். அவனைத் திட்டவேண்டும் என்று நினைத்தேன். அவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். ஓடியதில் வலி. எனக்காக அவன் பிளாட்பாரத்தில் ஓடுவது இது முதல் தடவை இல்லையே என்று தோன்றியது. திட்டவில்லை.

"வீட்டப் பாக்கணுமா, திரும்பிப் போயிருவமா?" என்று கேட்டான்.

"வந்தது வந்தாச்சு. பாப்போம். ஆனா ஒம் பக்கத்துலதான் உக்காருவேன். ஒட்டி."

சார்ப்ரூக்கனில் மேட்டுத் தெரு ஒன்றில் அந்த வீடு. பெயின்ட் வாசனை போகவில்லை. சாமான் இன்னும் வரவில்லை. ஜன்னலோரத்தில் ஒரே ஒரு மரச் சேர். செய்யது வாசலிலேயே நின்றான், பரீட்சை பேப்பரைக் கொடுத்துவிட்டு வாத்தியார் முகத்தைப் பார்ப்பதுபோல்.

நான் உள்ளே போனேன். ஜன்னலைத் திறந்தேன். அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பக்கத்தில் நின்றேன். பிறகு குளியலறைக் குழாய். நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. பழக்கதோஷம்.

"இங்க துரு வராதுல" என்றான் செய்யது, பின்னாலிருந்து.

"வரும். ஆள் இல்லன்னா எல்லா ஊர்லயும் வரும்."

தண்ணீர் தெளிவாகத்தான் வந்தது. இருந்தாலும் கொஞ்ச நேரம் ஓடவிட்டேன். கிளம்பும்போது அவன் முன்னால் போகட்டும் என்று விட்டு, நான் கடைசியாக வெளியே வந்தேன்.

செம்பூர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமை, சாவியை எடுத்துக்கொண்டு 604-க்குப் போனேன். அடுத்த வாரம் முதல் வீடு பார்க்க ஆட்கள் வரப்போகிறார்கள். புறாக்களைத் துரத்திவிட்டு, பித்தளைக் குழாயைத் திறந்துவிட்டு நின்றபோது ஃபோன் வந்தது. அன்று சர்க்கரையைப் பற்றி அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"லே, கர்ச்சீப்ப விட்டுட்டுப் போயிட்ட. கோடு போட்டது. புது வீட்டுச் சேர்ல கெடக்கு. சாமான் எறக்க வந்தோம், இப்பத்தான் பாத்தேன்."

"விட்டுட்டு வரலல. போட்டுட்டு வந்திருக்கேன்."

தொலைவில் பாத்திமா ஏதோ கேட்பதும், சேரை இழுக்கும் சத்தமும் கேட்டது. பிறகு செய்யதுவின் குரல், என்னிடம் இல்லை, அவளிடம்:

"அத எடுக்காத. ஆள் வருது."